மளிகைக்காரரும் மன்னரும் மந்திரிகளும்: ஊவா மலையின் கொடுக்கல் வாங்கல்

1897ஆம் ஆண்டு. விக்டோரியா மகாராணியின் வைர விழா. லண்டன் ஏழைகளுக்கெல்லாம் ஒருவேளை வயிறாரச் சாப்பாடு போட வேண்டுமென்று இளவரசி அலெக்சாண்ட்ரா ஆசைப்பட்டார். ஊரார் கொடுத்த காசு போதவில்லை. அந்த நேரத்தில், பெயரை வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளோடு 25,000 பவுண் வந்து சேர்ந்தது. இப்படிப்பட்ட இரகசியங்கள் எத்தனை நாள் தாங்கும்? கொடுத்தவர் கிளாஸ்கோவில் மளிகைக்கடை வைத்து முன்னேறிய தாமஸ் லிப்டன் என்று சீக்கிரமே வெளியாகிவிட்டது. அடுத்த ஆண்டே அவர் சேர் தாமஸ் லிப்டன் ஆனார். 1902இல் பரோனெட் பட்டமும் வந்தது.

அந்தப் பணத்தில் எத்தனை பவுண் இலங்கையின் ஊவாப் பகுதியில் அப்புத்தளை மலையில் பறித்த கொழுந்திலிருந்து வந்ததென்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் தேயிலை இல்லாமல் லிப்டனின் பெயர் உலகம் சுற்றியிருக்காது. அதற்கு வழி திறந்துவிட்டது ஒரு நோய். 1869இல் மடுல்சீமைப் பக்கத்துக் கோப்பிச் செடிகளின் இலையில் துருப் பிடித்தாற்போலப் புள்ளி கண்டது. இருபது வருடத்துக்குள் இலங்கைக் கோப்பி படுத்துவிட்டது. கடனில் மூழ்கிய தோட்டத் துரைமார் காணியைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். 1890இல் கொழும்பில் வந்திறங்கிய லிப்டன் தம்பேதன்ன போன்ற தோட்டங்களை மலிவாக வாங்கினார். இடையில் நின்ற தரகர்களை ஒதுக்கித் தன் கடைகளிலேயே தேயிலையை விற்றார்.

ரயில் 1893இல் அப்புத்தளைக்கும் மறு ஆண்டு பண்டாரவளைக்கும் வந்தது. பதுளை 1924 வரை காத்திருந்தது. பாதை போட்டது அரசாங்கம். அதில் இறங்கிய பெட்டிகளில் பெரும்பாலானவை கம்பனிகளின் தேயிலை. சட்டசபையில் தோட்டத் துரைமாருக்கென்றே நியமன ஆசனம் இருந்த காலம் அது. ஊவாவை 1886இல் தனி மாகாணமாக்கிய ஆளுநர் ஆர்தர் கோர்டனுக்குப் பின்னால் வந்தவர்களும் துரைமாரைப் பகைத்துக்கொண்டு ஆட்சி நடத்த விரும்பவில்லை.

லிப்டனுக்கோ வேறு சிக்கல். ஏழாம் எட்வர்ட் மன்னர் அவரோடு நெருக்கமாகப் பழகினார். ‘ஷாம்ரொக்’ பாய்மரக் கப்பல்களை ஐந்து முறை அமெரிக்கக் கிண்ணப் போட்டிக்கு அனுப்பியவரை இங்கிலாந்து முழுக்கத் தெரிந்திருந்தது. ஆனாலும் கவ்ஸ் நகரத்து ரோயல் யொட் ஸ்குவாட்ரன் என்ற பிரபுக்கள் கழகம் மளிகைக்காரரை உள்ளே விடவில்லை. கதவு திறந்தது அவர் இறந்த 1931இல்தான். இதற்கிடையே 1914இல் இராணுவச் சிற்றுண்டிச்சாலை ஒப்பந்தங்களுக்காக அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுத்த வழக்கில் அவருடைய கம்பனி ஆட்கள் தண்டனை பெற்றார்கள். லிப்டன் மீது வழக்கு இல்லை. அரண்மனை நட்பு அவர் பெயரைக் காத்ததா, கெடுத்ததா என்று சொல்வது கடினம்.

தோட்டத்து லயங்களில் இருந்த தொழிலாளருக்கு இந்த நட்பின் சூடு எதுவும் வந்து சேரவில்லை. 1940 மே மாதம் பதுளைக்குப் பக்கத்து வேவெஸ்ஸ தோட்டத்தில் வேலை நிறுத்தம் வெடித்தது. தொழிலாளர் தாங்களே சபை ஒன்றைத் தெரிவு செய்தார்கள். அதைக் கலந்தே தோட்டத்தை நடத்துவதாகத் துரை ஒப்புக்கொண்டார். ஒழுங்கு நாட்ட வந்த பொலிஸ்காரரின் ஆயுதங்களையும் அவர்கள் பிடுங்கிக்கொண்டார்கள். பொலிஸ் தடையை மீறி சமசமாஜக் கட்சியின் என்.எம். பெரேரா பதுளையில் கூட்டம் பேசினார். பிறகு வெள்ளம் ஊவாவைத் துண்டித்தது; அடக்குமுறை வேலை நிறுத்தத்தை முடித்துவைத்தது. 1948 குடியுரிமைச் சட்டமும் அதையடுத்த தேர்தல் சட்டமும் தொழிலாளரில் பெரும்பாலாரின் வாக்கைப் பறித்தன. வாக்கில்லாதவரைப் பற்றி எந்தத் தலைவருக்குக் கவலை?

வேவெஸ்ஸ வேலை நிறுத்தத்துக்கு முப்பது வருடம் கழித்துக் காட்சி மாறியது. அதே என்.எம். பெரேரா நிதியமைச்சர்; தோழர் கொல்வின் ஆர். டி சில்வா பெருந்தோட்ட அமைச்சர். 1972இல் தனியார் காணிக்கு உச்சவரம்பு வந்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமை ஆயின. எடுத்த தோட்டங்கள் யார் கைக்குப் போவது என்பதில் ஆளும் கூட்டணிக்குள்ளேயே சண்டை மூண்டு, சமசமாஜிகள் அதற்குச் சற்று முன்னரே அமைச்சரவையிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தார்கள்.

1992இல் ஜனாதிபதி பிரேமதாச காலத்தில் தோட்ட நிர்வாகம் மீண்டும் தனியாருக்குப் போனது. அப்போது எழுந்து வந்தவர்களில் முக்கியமானவர் தொழிலதிபர் ஹரி ஜயவர்தன. அதே ஆண்டு அரசின் வடிசாலைக் கம்பனியை அவருடைய ஸ்டாசன் குழுமம் வாங்கியது. காலப்போக்கில் மடுல்சீமை, பாலாங்கொடை பெருந்தோட்டக் கம்பனிகளும் அவர் குடைக்கீழ் வந்தன. கோப்பிக்கு முதலில் நோய் கண்ட மடுல்சீமையின் பெயரை இன்று சாராயக் குழுமம் ஒன்றின் கணக்குப் புத்தகத்தில் பார்க்கலாம்.

ஜயவர்தனவைக் கட்சிக்காரர் என்று சொல்லிவிட முடியாது. எந்த அரசாங்கம் வந்தாலும் அவருக்கு அங்கே ஒரு நாற்காலி இருந்தது: ஸ்ரீலங்கன் விமான சேவை, பெற்றோலியக் கூட்டுத்தாபனம் இரண்டுக்கும் தலைவராக இருந்தவர். ஆனால் 2003இல் பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவின் அரசாங்கத்தில் ஜயவர்தன தலைமையிலான கூட்டு வாங்கிய காப்புறுதிக் கூட்டுத்தாபனத்தின் விற்பனையை, வாசுதேவ நாணயக்காரவின் மனுவில் உச்ச நீதிமன்றம் 2009இல் செல்லாதென்று தீர்த்தது.

அடுத்த அடி ஊவாவிலேயே விழுந்தது. மொனராகலை மாவட்டத்து பெல்வத்த சீனி ஆலை அவருடைய வடிசாலைக் குழுமத்தின் கையில் இருந்தது. கரும்பில் சீனி ஒரு வருமானம். கழிவுப் பாகிலிருந்து வடிக்கும் மதுசாரம் இன்னொன்று. சாராயக் கம்பனிக்கு அது எவ்வளவு வசதி என்று விளக்கத் தேவையில்லை. 2011 நவம்பரில் மஹிந்த ராஜபக்ஷ அரசாங்கம் அவசரச் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்து 37 நிறுவனங்களையும் சொத்துக்களையும் எடுத்துக்கொண்டது. பட்டியலில் பெல்வத்த இருந்தது. ஐக்கிய தேசியக் கட்சிக்காரர் தயா கமகேயின் செவனகல ஆலையும் இருந்தது. எதிர்க்கட்சிக்காரரின் ஆலை போனதற்குப் பழிவாங்கல் என்று காரணம் சொன்னார்கள். அரசாங்கத்தோடு ஒட்டி நின்றவரின் ஆலை ஏன் போனது? அரச தரப்பு நிர்வாகக் குறை என்றது. நிறைவேறிய சட்டத்தை இலங்கையில் எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது.

தேயிலைக் கம்பனிகளுக்கும் அரசாங்கத்துக்கும் இப்போதைய இழுபறி நாள் சம்பளத்தில். தொழிலாளர் வாக்கு திரும்பக் கிடைத்தபின் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் சம்பளம் மேடைக்கு வருகிறது. 2021இல் 1000 ரூபா வர்த்தமானியில் வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. 2024 மே தினத்தை ஒட்டி, அப்போது ஜனாதிபதியாக இருந்த ரணில் 1700 என்றார்; கம்பனிகள் மறுபடி வழக்குப் போட்டு இடைக்காலத் தடை வாங்கின. ஜனாதிபதித் தேர்தல் நடந்த செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவில் வந்து நின்றது. கம்பனிகளின் குத்தகை 2045இல் முடிகிறது. நீடிப்புத் தராவிட்டால் பழைய தேயிலையைப் பிடுங்கிப் புதுக் கன்று நட்டுக் கட்டுப்படியாகாது என்பது அவர்கள் வாதம். கையெழுத்துப் போட வேண்டிய அமைச்சரும் வாக்குக் கேட்டு அதே லயங்களுக்குப் போக வேண்டியிருக்கிறது.