பாட்டிக்கு மூன்று நாள் ரொட்டி

பிரெஞ்சுக்காரர் காரைக்காலுக்கு வந்தது 1739-இல். ஆட்சியை விட்டுப் போனது 1954 நவம்பர் 1-இல். தாத்தா படித்தது பிரெஞ்சு, நான் படித்தது இங்கிலீஷ். இரண்டுக்கும் எழுத்து ஒன்று. வம்பே அதுதான்.

பாட்டிக்கு வயிற்றுவலி வந்தபோது நாகப்பட்டினத்து டாக்டர் ஒருவர் சீட்டில் ‘ஸ்டமக் பெயின்’, பக்கத்தில் 3 நாள் என்று குறித்திருந்தார். பி, ஏ, ஐ, என். இதையே பிரெஞ்சில் மூக்கால் ‘பேங்’ என்பது போலச் சொல்வார்கள், பொருள் ரொட்டி. வயிற்றுக்கு மூன்று நாள் ரொட்டி என்று தாத்தா முடிவு கட்டிவிட்டார். பாட்டி ரசஞ்சோறு கேட்டுக் கெஞ்சினார். “டாக்டரே எழுதியிருக்காரு” என்றார் தாத்தா.

மூன்றாம் நாள்தான் சீட்டு என் கைக்கு வந்தது. “பெயின்னா வலி தாத்தா” என்றேன். அவர் பதிலே பேசவில்லை.

பின்னாளில் அகராதிகளைப் புரட்டினேன். வலியைக் குறிக்கும் ‘பெயின்’ சொல்லும் பிரெஞ்சு வழி வந்ததுதானாம்! 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு இப்படி எத்தனையோ சொற்கள் அங்கே போயின. அதன் லத்தீன் மூலத்துக்குத் தண்டனை என்று பொருள். ரொட்டிக்கு மூலம் வேறு, ‘பானிஸ்’. போர்த்துக்கீசியர் வழியாக இலங்கைக்கு வந்த ‘பாண்’ அதன் பேரப்பிள்ளை. முதலெழுத்தை மாற்றி ‘மெயின்’ என்றால் இங்கிலீஷில் முக்கியம், பிரெஞ்சில் கை. ‘கெயின்’ மட்டும் இரண்டிலும் லாபம்.

அன்று மதியம் தாத்தாவே புளி கரைத்து ரசம் வைத்தார். பாட்டி அதன்பின் ரொட்டியைத் தொட்டதில்லை.