நன்னடத்தை அலுவலரின் அறிக்கை: மறக்கப்பட்ட ஒரு சட்ட வரலாறு

பெங்களூரு சேஷாத்ரி சாலையில் இன்று சுதந்திரப் பூங்காவாக விளங்கும் நிலம் ஒரு காலத்தில் மத்தியச் சிறை. நெருக்கடி நிலைக் காலத்தில் வாஜ்பாயியும் அத்வானியும் அடைக்கப்பட்டிருந்த அச்சிறை பின்னாளில் பரப்பன அக்ரஹாராவுக்கு இடம்பெயர்ந்தது. அங்கிருந்து வி.கே. சசிகலா 2017 அக்டோபரில் கணவரின் உடல்நலக் குறைவுக்காகவும், 2018 மார்ச்சில் அவரது மறைவையொட்டியும் வெளிவந்தபோது ‘பரோல்’ என்ற சொல் தமிழ் நாளேடுகளில் நாள்தோறும் இடம்பெற்றது.

பரோல் எல்லோரும் அறிந்த சொல்லாகிவிட்டது. அதனினும் ஆழமான ஏற்பாடான நன்னடத்தை விடுவிப்பையோ சட்ட மாணவர்களே பெரும்பாலும் பரோலோடு குழப்பிக்கொள்கின்றனர். பரோல் என்பது தண்டனையை அனுபவித்து வருபவர் சிறிது காலம் வெளியே சென்று திரும்புவது. நன்னடத்தை விடுவிப்போ, குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட பின்னரும் ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமல், நீதிமன்றமே நிபந்தனையுடன் சமூகத்தில் வாழவிடுவது.

இதன் தொடக்கத்தை 1841இல் பாஸ்டன் நகரில் காண்கிறோம். ஜான் அகஸ்டஸ் என்னும் காலணித் தொழிலாளி, குடிப்பழக்கத்தால் நீதிமன்றம் வந்த ஒருவருக்குப் பிணை நின்றார். அவர் பிணை கொடுத்ததோடு நிற்கவில்லை. பின்னர் இவ்வாறு பலரை ஏற்றபோது, ஒவ்வொருவரின் பின்னணியையும் விசாரித்தார். அவர்களைத் தொடர்ந்து கவனித்தார். நீதிமன்றத்துக்கு அறிக்கையும் அளித்தார். இம்மூன்றுமே நன்னடத்தை முறையின் உயிர்நாடி.

இந்தியாவுக்கு வந்தபோது அந்த உயிர்நாடி விடுபட்டது. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 562ஆம் பிரிவு முதல்முறைக் குற்றவாளிகளைப் பத்திரம் பெற்று விடுவிக்க வழி செய்தது. ஆயினும் விசாரிக்கவோ கண்காணிக்கவோ அது எந்த அலுவலரையும் ஏற்படுத்தவில்லை. அலெக்சாண்டர் கார்டியூ தலைமையிலான இந்தியச் சிறைகள் குழு (1919–20) சீர்திருத்தத்தைச் சிறைகளின் நோக்கமாக வலியுறுத்தியது. அதன்பின் சென்னை மாகாணம் 1936இல் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தை இயற்றியது. இன்றைய கர்நாடகத்தின் மங்களூர், பெல்லாரி, கொள்ளேகால் ஆகியவை அன்று அம்மாகாணத்தைச் சேர்ந்தவை என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். நாடு முழுமைக்குமான சட்டம் 1958இல்தான் வந்தது.

1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆறாம் பிரிவைப் பலரும் கவனிப்பதில்லை. இருபத்தொரு வயது நிரம்பாத ஒருவர், ஆயுள் தண்டனைக்குரியதல்லாத குற்றம் செய்தால், அவரைச் சிறைக்கு அனுப்பாதிருப்பதே விதி, அனுப்புவது விலக்கு. அவ்வாறு அனுப்புவதாயின் நீதிமன்றம் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கோரவும், காரணங்களைப் பதிவு செய்யவும் வேண்டும். ரத்தன் லால் வழக்கில் (1964) இச்சட்டத்தின் பயன் மேல்முறையீட்டு நிலையிலும் கிட்டும் என்று உச்ச நீதிமன்றப் பெரும்பான்மைத் தீர்ப்பு கூறியது. அதை எழுதியவர் நீதிபதி சுப்பா ராவ்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா ஆறு குற்றங்களுக்குச் சமூக சேவையைத் தண்டனையாக்கியுள்ளது. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவான திருட்டும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு அதில் அடங்கும். வரவேற்கத்தக்கதே. ஆனால் அச்சேவையை ஒழுங்குறச் செய்விக்கவும் கண்காணிக்கவும் ஆள் வேண்டும். 1898இன் குறை மீண்டும் நேருமோ என்பதே என் ஐயம். மேலும், இந்தியச் சிறைகளில் இருப்போரில் ஏறத்தாழ நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். தீர்ப்புக்குப் பின்னரே செயல்படும் இம்மாற்றுகள் அவர்களை எட்டுவதேயில்லை.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளோடு நின்றுவிடாமல் விசாரணை நீதிமன்றங்களின் தீர்ப்புகளைப் படியுங்கள். இருபது வயது இளைஞர் ஒருவர் சிறைக்கு அனுப்பப்பட்ட தீர்ப்பில், அலுவலரின் அறிக்கை கோரப்பட்டதா, காரணம் எழுதப்பட்டதா என்ற இரண்டை மட்டும் தேடுங்கள். இம்முறையின் உண்மையான வரலாறு அங்கிருந்தே எழுதப்பட வேண்டும்.