கரிமூட்டமும் சூரியத் தகடும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வானம் பார்த்த பூமிக்கு அரசு தந்த முதல் புதுப்பிக்கத்தக்க எரிபொருள் சீமைக்கருவேலம்தான் என்றால் தப்பில்லை. விறகுப் பஞ்சம் தீர விதை தூவியதோடு அரசின் செலவு முடிந்தது. பிறகு அந்த விறகைக் கரியாக்கும் கரிமூட்டத் தொழில் சந்தையை நம்பியே வளர்ந்தது. கண்மாய்களையும் புஞ்சைகளையும் முள் விழுங்கியது மட்டும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை!

சூரிய மின்சாரத்துக்கு வேறு வழி தேர்ந்தார்கள். 2012இல் தமிழக அரசு சூரியசக்திக் கொள்கையை அறிவித்தது. திருச்சுழிக்குத் தென்கிழக்கே கமுதியில் 648 மெகாவாட் நிலையத்தை 2016இல் அதானி குழுமம் இயக்கத் தொடங்கியது. மின்வாரியம் ஒப்புக்கொண்ட விலை யூனிட்டுக்கு ரூ.7.01, ஏலமில்லை, மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த கட்டணம். அன்று தகடுகளின் விலை அதிகம், முன்னோடிக்குக் கைகொடுக்காமல் தொழில் வளராது என்பார்கள். நியாயமான வாதம்தான். ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தான அதே 2015இல் ஆந்திரத்தில் நடந்த ஏலத்தில் ரூ.4.63க்குத் தர ஆள் இருந்தது. 2017இல் தமிழ்நாட்டு ஏலத்திலேயே விலை ரூ.3.47க்கு இறங்கியது. ஆக, ஆதரவு தந்தது தவறல்ல. விலை சரிந்துகொண்டிருந்த காலத்தில் ஒரே விலையை நெடுங்காலத்துக்குப் பூட்டியதுதான் தவறு. கமுதி ஒப்பந்தத்தின் ஆயுள் 25 ஆண்டு.