பல்வேர்ச் சிகிச்சை வளர்ந்த வரலாறு

'பல்லுப் போனாற் சொல்லுப் போச்சு' என்பது நம்மவர் பழமொழி. பழுதுற்ற பல்லைப் பிடுங்கியெறியாது காத்தற்கு மாந்தர் கண்ட வழிகளுள் தலையாயது வேர்க்கால்வாய்ச் சிகிச்சையாகும். பல்லின் நடுவே நரம்பும் குருதிக்கலன்களும் பொருந்திய மென்மையான கூழ் உளது. சூத்தை அதனை எட்டிக் கெடுத்தவிடத்து, கூழை அகற்றி, வேரினுள் ஓடும் நுண்ணிய கால்வாயைத் துப்புரவாக்கி, மீண்டும் கிருமி புகாவண்ணம் அடைத்துவிடுதலே இச்சிகிச்சையின் சாரம். சொல்லுதற்கு எளிதாகிய இம்முறை நிலைபெறுதற்கு நெடுங்காலம் சென்றது.

பண்டைப் பாபிலோனியர் பல்வலிக்குக் காரணம் பல்லைக் குடையும் புழுவே என நம்பினர். இந்நம்பிக்கை பல நாடுகளிலும் பரவி நின்றது. 1728 இல் பல்மருத்துவம் பற்றிப் பெருநூல் வெளியிட்ட பிரான்சியராகிய பியர் போஷார், அப்புழுவைத் தேடியும் காணாராய் அக்கொள்கையை மறுத்தார். சீழ் கட்டிய பல்லைத் திறந்து சீழை வெளியேற்றும் முறையையும் அவர் எடுத்துரைத்தார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கருவிகள் தோன்றின. 1838 இல் அமெரிக்கராகிய மேனாட் கடிகாரச் சுருள்வில்லை அராவிக் கால்வாயைத் துப்புரவாக்கும் ஊசி செய்தார். 1843 இல் மொன்கொமரி என்னும் வைத்தியர் சிங்கப்பூரிலிருந்து மலாய் நாட்டு மரப்பாலாகிய கட்டாபர்ச்சாவை இலண்டனுக்கு அனுப்பினார். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகிய அப்பொருளே 1867 இல் போமன் கையில் வேர்க்கால்வாயை அடைக்கும் பொருளாயிற்று. இன்றும் அதுவே பெரிதும் பயன்படுகின்றது. 1864 இல் பாணம் என்பார் உமிழ்நீர் பல்லை அணுகாது தடுக்கும் இறப்பர்த் திரையை அமைத்தார். பேர்லினில் ஆராய்ந்த மில்லர் 1890 இல் வாயிலுள்ள நுண்ணங்கிகள் பற்றிய நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். புழுவின் இடத்தை நுண்ணங்கி பெற்றது. 1895 இல் றொன்ட்ஜன் கண்ட எக்ஸ்-கதிர், கண்ணுக்கெட்டாத வேரையும் காட்டுவதாயிற்று.

இவ்வாறு வளர்ந்த கலைக்கு 1910 இல் பேரிடர் நேர்ந்தது. பிரித்தானிய வைத்தியராகிய வில்லியம் ஹன்ரர் மொன்றியல் நகரில் ஆற்றிய உரையிலே, அழுகிய வேரின்மேற் பொன்வேலை செய்து மூடுவதை வன்மையாகக் கண்டித்தார். அக்கண்டனத்தில் நியாயம் இருந்தது. ஆயினும், பின்வந்தோர் அதனை விரித்து, கூழற்ற பல் யாவும் உடலுக்கு நஞ்சூட்டும் என்றனர். மூட்டுவாதம் முதலிய நோய்களைத் தீர்க்கும் நோக்குடன் எண்ணிறந்த பற்கள் பிடுங்கப்பட்டன. முன்னர் இக்கொள்கையை ஆதரித்த செசில் என்பாரே, மூட்டுவாத நோயாளர் 200 பேரின் வரலாற்றை அஞ்சவின் என்பாருடன் ஆராய்ந்து, பல்லைப் பிடுங்குதலாற் பயன் விளையவில்லை என 1938 இல் எழுதினார்.

1943 இல் அமெரிக்காவிலே இத்துறைக்கென ஒரு சங்கம் எழுந்தது. 1963 இல் அது அங்கு தனிச் சிறப்புத்துறையாக ஏற்கப்பட்டது. 1965 இல் ககெஹாசி முதலியோர், கிருமியற்ற சூழலில் வளர்த்த எலிகளின் பற்கூழைத் திறந்துவிட்டனர். அது தானே ஆறிற்று. ஏனைய எலிகளிலோ கூழ் அழிந்தது. நோய்க்கு மூலம் நுண்ணங்கியே என்பது ஐயமற விளங்கிற்று.

ஆராயாது பரப்பப்பட்ட அரையுண்மை ஒரு தலைமுறையின் பற்களைப் பறித்தது. எண்ணிப் பார்த்த ஆராய்ச்சி அவற்றை மீட்டது. சான்று கேட்கும் மனப்பான்மை நோயாளிக்கும் மாணவனுக்கும் ஒருங்கே வேண்டுவதாகும்.