பெயரும் வடிவமும்



பேஸ் கிற்றார் பயில்வோரிடையே நெடுநாளாக ஒரு வழக்கு உண்டு. விரல் பதியும் ஒவ்வோரிடத்துக்கும் உரிய சுரத்தின் பெயரை அறிந்து வாசித்தல் வேண்டுமா, அன்றி விரல்கள் அமையும் வடிவத்தை மனத்திற் கொண்டு வாசித்தாற் போதுமா என்பதே அவ்வழக்கு. வடிவத்தைப் பற்றி வாசிப்பவரைக் கல்லாதவர் என எண்ணுவோர் பலர். வரலாறு அவ்வாறு கூறவில்லை.

11ஆம் நூற்றாண்டிலே, இத்தாலியத் துறவியாகிய கீதோ என்பவர் சுரங்களைக் கோடுகளில் எழுதும் முறையைச் செம்மைப்படுத்தினார். அவற்றை நம் ச ரி க ம போன்ற அசைகளாற் பாடவும் கற்பித்தார். முன்னர்க் கேளாத பாடலையும் ஏட்டைப் பார்த்தே பாடகர் பாடவேண்டும் என்பது அவர் நோக்கம். குரலுக்குத் தந்தியுமில்லை, மெட்டுமில்லை. ஆதலின் பெயரே பற்றுக்கோடாயிற்று.

கருவியாளர் கண்ட வழி வேறு. 1507இல் வெனிஸ் நகரிலே பெத்ருச்சி என்பவர், ஸ்பினச்சீனோவின் லூட் இசையை அச்சிட்டார். அதிலுள்ள ஆறு கோடுகள் லூட்டின் ஆறு தந்தி வரிசைகள். கோட்டின்மேல் நின்ற எண்கள் விரல் பதியவேண்டிய மெட்டுகள். சுரத்தின் பெயர் அங்கே வேண்டப்படவில்லை. பாப்பரசர் அவையிலே வாசித்த பிரான்செஸ்கோ டா மிலானோவின் இசையும் இவ்வகை எழுத்திலேயே நமக்குக் கிடைத்துள்ளது. இதனைக் கல்லாதார் வழி என்பது எங்ஙனம் பொருந்தும்?

1951இல் அமெரிக்காவிலே லியோ பெண்டர் வெளியிட்ட பேஸ் கிற்றார், இவ்வழிக்கு மேலும் இடமளித்தது. பழைய பெரிய பேஸ் வாத்தியத்திலே மெட்டுகள் இல்லை, செவியே வழிகாட்டி. புதிய கருவியிலோ மெட்டுகள் உண்டு. நான்கு தந்திகளும் ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளியிற் சுருதி கூட்டப்பட்டவை. ஆகவே, கற்ற வடிவமொன்றை இரண்டு மெட்டு மேலே நகர்த்தினால், பாட்டு முழுவதும் ஒரு முழுச்சுரம் உயர்ந்துவிடும். இசைக்குறியீடு வாசிக்க அறியாத போல் மக்கார்ட்னி இக்கருவியிலே உலகப்புகழ் பெற்றார். மறுபுறம், 1960களில் லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிப்பதிவுக் கூடங்களிலே, எதிரே வைத்த தாளை உடனே வாசிக்கவல்ல கரோல் கே போன்றோர் பெரிதும் வேண்டப்பட்டனர்.

எனினும் வடிவத்துக்கு ஓர் எல்லையுண்டு. 17ஆம் நூற்றாண்டில் லூட்டின் சுருதியமைப்பு மாறியது. 18ஆம் நூற்றாண்டின் முடிவில் அக்கருவியே பெரிதும் வழக்கிழந்தது. எண்கள் ஏட்டில் இருந்தன. அவற்றை ஒலியாக்கும் கை இல்லை. ஆராய்ச்சியாளர் அவற்றைச் சுரக்குறியீட்டிலே பெயர்த்தெழுதிய பின்னரே, பிற கருவியாளரும் அவ்விசையை எளிதில் அறியலாயினர். குறித்த கருவிக்கும் குறித்த சுருதியமைப்புக்கும் உரிய எழுத்து, அவை மறைந்தபோது ஊமையாயிற்று.

வடிவம் கையின் அறிவு. அது விரைந்து பயன் தரும். பெயர் பிறரோடு பகிரும் அறிவு. பாடகரும் பியானோ வாசிப்பவரும் அதனாலன்றோ ஒருவரையொருவர் உணர்கின்றனர்! பேஸ் கிற்றாரைக் கையிலெடுக்கும் இளைஞர் வடிவத்திலிருந்து தொடங்குவதிற் குறையில்லை. அங்கேயே நின்றுவிடாதிருத்தல் நன்று.