துப்பாக்கியை வைத்துவிட்டு எழுத வந்தவர்கள்

போருக்குப் போனவர்கள் எல்லோரும் அதைப் பற்றி எழுதுவதில்லை. எழுதியவர்களில் சிலர் 'இது என் அனுபவம்' என்று நேரடியாகச் சொன்னார்கள். சிலர் அதையே கதையாக்கினார்கள். முதல் உலகப்போரில் 1917-இல் காயம்பட்ட ஜெர்மானியரான எரிக் மரியா ரெமார்க் தன் புகழ்பெற்ற போர் நாவலை 1929-இல் வெளியிட்டார். 1933-இல் நாஜிகள் அதைத் தீயில் போட்டார்கள். கதைதானே என்று அவர்கள் விட்டுவிடவில்லை!

தமிழில் இந்த வகை எழுத்து ஈழப்போரிலிருந்துதான் வலுவாக வந்தது. இங்கே எழுதியவர்கள் ஓய்வூதியம் வாங்கிய சிப்பாய்கள் அல்ல. இயக்கத்தில் இருந்து, பின் அதை விட்டு வந்தவர்கள்.

இதில் முன்னோடி 'புதியதோர் உலகம்' (1985). எழுதியவர் புளொட் இயக்கத்திலிருந்து வெளியேறியவர். கோவிந்தன் என்பது புனைபெயர். அந்த இயக்கத்தின் பயிற்சி முகாம்கள் நம் பக்கத்துத் தஞ்சை மாவட்டத்தில், ஒரத்தநாடு பகுதியில் இருந்தன. இயக்கத்துக்குள் நடந்த சித்திரவதைகளையும் கொலைகளையும் நாவல் சொன்னது. உண்மைப் பெயர்களோடு எழுத முடியாத காலம் அது. நாவல் என்ற வடிவம் அவருக்கு அழகுக்காக அல்ல, பாதுகாப்புக்காகத் தேவைப்பட்டது.

அடுத்தவர் ஷோபாசக்தி. அல்லைப்பிட்டியில் பிறந்து, பதின்வயதில் விடுதலைப் புலிகளில் சேர்ந்து, சில ஆண்டுகளில் விலகியவர். 1993-இல் பிரான்சுக்குப் போனார். அங்கே பல கூலி வேலைகள் செய்துகொண்டே எழுதினார். 2001-இல் வந்த 'கொரில்லா' அவருடைய முதல் நாவல். அது ஒரு அகதி விண்ணப்பக் கடிதத்தோடு தொடங்குகிறது. இந்த இடம் கவனிக்க வேண்டியது. அகதியாக வருபவன் தன் வாழ்க்கை வரலாற்றை எண் போட்டு, தேதி போட்டு அதிகாரியிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை உண்மை என்று ஏற்பதும் பொய் என்று தள்ளுவதும் அதிகாரியின் கையில். சொந்த அனுபவமே சந்தேகத்துக்கு உரிய காகிதமாகிவிட்ட பிறகு, அதைச் சொல்லக் கதையைத் தவிர வேறு என்ன வழி?

அவர் கதாநாயகனாக நடித்த பிரெஞ்சுப் படம் 'தீபன்' 2015-இல் கான் திரைப்பட விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்றது. அதில் அவர் ஏற்றது முன்னாள் போராளி வேடம்.

கதைக்குள் ஒளியாமல் எழுதியவர் தமிழினி. 1991-இல் புலிகளில் சேர்ந்து மகளிர் அரசியல் பிரிவின் பொறுப்பாளரானவர். 2009-இல் போர் முடிந்தபின் சிறையும் புனர்வாழ்வும் கண்டு 2013-இல் விடுதலையானார். 2015 அக்டோபரில் புற்றுநோயால் இறந்தார். அவருடைய தன்வரலாறான 'ஒரு கூர்வாளின் நிழலில்' 2016-இல்தான் வெளிவந்தது. இயக்கத்தின் தவறுகளையும் அதில் எழுதியிருந்ததால், 'இதை அவர்தான் எழுதினாரா?' என்ற கேள்வி எழுந்தது. பதில் சொல்ல அவர் உயிரோடு இல்லை. அவர் சிறுகதைகளும் எழுதியவர். அவற்றுக்கு இவ்வளவு விசாரணை நடக்கவில்லை.

நாவல் எழுதினால் 'கற்பனை' என்று ஒதுக்குகிறார்கள். தன்வரலாறு எழுதினால் 'துரோகம்' என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே நின்றுதான் இவர்கள் எழுதினார்கள். தளபதிகளின் அறிக்கையில் வெற்றியும் தோல்வியும் கிடைக்கும். பதினாறு வயதுப் பையன் ஏன் வீட்டை விட்டுப் போனான், ஏன் திரும்பி வந்தான் என்பது இந்தப் புத்தகங்களில்தான் கிடைக்கும். வரலாற்றுக்கு இரண்டும் வேண்டும்.