பெக்காம்: குவளை வைத்தியம் எதற்கு உதவும், யாருக்கு ஆகாது

முதுகிலும் தோளிலும் குவளைகளைக் கவிழ்த்து, உள்ளிருக்கும் காற்றழுத்தத்தைக் குறைத்து, தோலையும் சதையையும் மேலே இழுக்க வைக்கும் வைத்திய முறையை மலேசியாவில் பெக்காம் என்பார்கள். சீனர்கள் இதைப் பா குவான் என்கிறார்கள். தமிழ் முஸ்லிம்களிடையே ஹிஜாமா என்ற அரபுப் பெயர் வழங்குகிறது. பிரிக்பீல்ட்ஸ் உடம்புப்பிடி நிலையங்கள், கிள்ளானின் கடைவீட்டு மாடிகள், பாசார் மாலாம் ஓரத்துக் கூடாரம் என்று கிள்ளான் பள்ளத்தாக்கில் இதன் விளம்பரப் பலகையைப் பார்க்காமல் ஒரு வாரத்தைக் கடத்துவது கடினம்.

இதைத் தேடிப் போகும் தமிழர்களில் இரு வகையினர் உண்டு. லோரி ஓட்டி இடுப்பு பிடித்தவர், செம்பனைக் குலையை அண்ணாந்து அறுத்துக் கழுத்து இறுகியவர், நாள் முழுவதும் நின்று வேலை செய்யும் பாதுகாவலர் ஆகியோர் ஒரு வகை. "கெட்ட இரத்தத்தை" எடுத்துவிட்டால் இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் இறங்கும் என்று நம்பிப் போகிறவர்கள் மற்றொரு வகை. முதல் வகையினருக்கு இதில் ஓரளவு பலன் கிடைக்கலாம். இரண்டாம் வகையினருக்குப் பலன் கிடைக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆபத்து அதிகம் இருப்பதும் இவர்களுக்குத்தான்.

குவளைக்குள் நடப்பது

கடைப் பலகைகளில் இரண்டு பெயர்கள் இருக்கும். பெக்காம் ஆங்கின் என்பது காற்றுக் குவளை, தோலைக் கீறுவதில்லை. பெக்காம் டாரா என்பது இரத்தம் எடுக்கும் முறை. முதலில் குவளை வைத்து, பிறகு அதே இடத்தில் ஊசியாலோ மெல்லிய கத்தியாலோ சிறு கீறல்கள் போட்டு, மறுபடி குவளை வைத்து உறிஞ்சுவார்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் சிறியதல்ல. ஒன்றில் தோல் மூடியிருக்கிறது. மற்றதில் தோல் திறக்கப்படுகிறது.

சீன மருந்தகங்களில் கண்ணாடிக் குவளைக்குள் எரியும் பஞ்சை ஒரு கணம் காட்டி எடுத்துச் சட்டென்று கவிழ்ப்பார்கள். நெருப்பு பிராணவாயுவைத் தின்றுவிடுவதால்தான் குவளை இழுக்கிறது என்று பலர் சொல்வதுண்டு. முக்கியக் காரணம் அதுவல்ல. சூட்டில் விரிந்த காற்று, குவளை தோலில் ஒட்டியதும் குளிர்ந்து சுருங்குகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. இப்போது பெரும்பாலான பெக்காம் கடைகளில் நெருப்பு இல்லை. வால்வு வைத்த பிளாஸ்டிக் குவளையில், துப்பாக்கி போன்ற கைப்பம்பால் காற்றை இழுத்துவிடுகிறார்கள். தீக்காய ஆபத்து அதனால் குறைந்தது.

குவளை பொதுவாக 5 முதல் 15 நிமிடம் வரை தோலில் இருக்கும். இழுப்பு தாங்காமல் தோலுக்கடியிலுள்ள மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள் உடைந்து இரத்தம் கசியும். குவளையை எடுத்ததும் தெரியும் வட்டத் தழும்பு அதுதான். அடிபட்டுக் கன்றிப்போன இடத்தைப் போன்றது. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்களில் மறைந்துவிடும். தழும்பு கறுத்திருந்தால் உடம்பில் நஞ்சு அதிகம், சிவந்திருந்தால் குறைவு என்று கடைகளில் விளக்கம் தருவார்கள். உண்மையில் எவ்வளவு பலமாக இழுத்தார்கள், எவ்வளவு நேரம் விட்டார்கள், தோல் எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தே நிறம் மாறுகிறது. 2016 ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் தோளில் இதே வட்டங்களோடு வந்து நின்றதை உலகமே பார்த்தது. அதன்பிறகு உடற்பயிற்சிக் கூடங்களிலும் குவளை நுழைந்துவிட்டது.

கழுத்து வலி, கீழ் முதுகு வலி, தோள் இறுக்கம் ஆகியவற்றில் குவளை வைத்தபின் சில நாள்களுக்கு வலி குறைந்ததாகப் பல சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் போலி மாத்திரை கொடுத்து ஒப்பிடுவது போல், போலிக் குவளை வைத்து ஒப்பிடுவது கடினம். முதுகை இழுப்பது நிஜக் குவளையா இல்லையா என்று படுத்திருப்பவருக்கே தெரிந்துவிடும். அதனால் பலனில் எவ்வளவு குவளையுடையது, எவ்வளவு மனத்துடையது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. வலி குறைந்தால் போதும் என்று நினைப்பவருக்கு இது பெரிய குறையாகத் தெரியாமல் இருக்கலாம்.

சித்த மருத்துவத்தில் உறிஞ்சல்

பெக்காம் மலாய்க்காரர்களுடையது, பா குவான் சீனர்களுடையது, தமிழ் வைத்தியத்தில் இது இல்லை என்ற எண்ணம் பரவலாக உண்டு. அது சரியல்ல. சித்த மருத்துவம் வகுத்த 32 புற மருத்துவ முறைகளில் ஒற்றடம், வேது, தொக்கணம் ஆகியவற்றோடு கீறல், அட்டை விடல், உறிஞ்சல், குருதி வாங்கல் ஆகியவையும் இடம் பெறுகின்றன. கீறலையும் உறிஞ்சலையும் சேர்த்துப் பார்த்தால் அதுவே பெக்காம் டாரா. அதே பட்டியலில் உள்ள கொம்பு கட்டல் என்பதைச் சிலர் மாட்டுக்கொம்பால் உறிஞ்சுவது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது எலும்பு முறிவுக்கு மூங்கில் தப்பை வைத்துக் கட்டுவது. குவளையோடு அதற்குத் தொடர்பில்லை.

வடமொழியிலுள்ள சுஸ்ருத சம்ஹிதை இன்னும் விவரமாகப் பேசுகிறது. இரத்தம் எடுக்க மாட்டுக்கொம்பு, சுரைக்குடுக்கை, அட்டை ஆகிய மூன்றையும் சொல்லி, வாதத்துக்குக் கொம்பு, பித்தத்துக்கு அட்டை, கபத்துக்குச் சுரைக்குடுக்கை என்று பிரிக்கிறது. சுரைக்குடுக்கைக்குள் விளக்கை வைத்துக் கவிழ்க்கச் சொல்வதால், இன்றைய நெருப்புக் குவளைக்கு அது முன்னோடி. எகிப்தில் சுமார் கி.மு. 1550ஆம் ஆண்டைச் சேர்ந்த ஏபர்ஸ் மருத்துவச் சுவடியும், சீனத்தில் 4ஆம் நூற்றாண்டு மருத்துவர் கோ ஹொங்கும் இம்முறையைச் சொல்கிறார்கள். அரபு நாடுகளில் இது நபிவழி மருத்துவத்தின் பகுதியானது. இஸ்லாமிய மாதத்தின் 17, 19, 21ஆம் நாள்கள் இதற்கு உகந்தவை என்று கருதப்படுவதால், அந்த நாள்களைப் பார்த்து வருகிறவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் இன்று ஹிஜாமா பெரும்பாலும் யுனானி மருத்துவத்தின் கீழ் வருகிறது. சென்னை அரும்பாக்கத்தில் அதற்கென அரசுக் கல்லூரியே இருக்கிறது.

தோட்டங்களில் இது பெரிதாக வேர்விடவில்லை. அங்கே வலிக்கு மருந்து, எண்ணெயும் கைவாகு தெரிந்த ஒரு பெரியவரின் விரல்களும்தான். காண்டா கம்பின் இருமுனையிலும் பால்வாளி தொங்கத் தோளில் சுமந்தவர்களுக்குச் சுளுக்கு வழித்துவிட ஒவ்வொரு லயத்திலும் ஒருவர் இருந்தார். தோட்டம் துண்டாடப்பட்டு, மக்கள் கிள்ளானிலும் பூச்சோங்கிலும் அடுக்குமாடிகளுக்கு வந்த பிறகு, அந்தப் பெரியவர் இருந்த இடத்தைப் பெக்காம் கடை பிடித்துக்கொண்டது. பிரிக்பீல்ட்ஸில் இயங்கும் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951ல் தொடங்கப்பட்டது. அந்த வட்டாரத்தில் பார்வையற்றோர் நடத்தும் உடம்புப்பிடி நிலையங்கள் பெயர் பெற்றவை. உடம்புப்பிடியும் குவளையும் ஒரே கூரையின்கீழ் கிடைக்கும் நிலையங்களும் நகரில் உண்டு.

கறுப்பு இரத்தம்

பெக்காம் டாரா முடிந்ததும் குவளையைத் திருப்பிக் காட்டுவார்கள். உள்ளே கருஞ்சிவப்பாக, ஜெல்லி போல் உறைந்த இரத்தம். "இவ்வளவு நஞ்சு உடம்பில் இருந்தது பாருங்கள்" என்று சொன்னால் பார்க்கிறவர் அதிர்ந்துபோவார். அடுத்த மாதமும் வருவார். இந்த வைத்தியத்தை விற்பதில் இந்தக் காட்சிக்கு ஈடான விளம்பரம் வேறில்லை.

குழாயை விட்டு வெளியே வந்த இரத்தம் சில நிமிடங்களில் உறையும். அது உறையாமல் ஓடிக்கொண்டே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். நிறமும் அப்படியே. சுகாதாரக் கிளினிக்கில் இனிப்பு நீர்ப் பரிசோதனைக்குக் கைநரம்பிலிருந்து எடுக்கும் இரத்தத்தைக் குப்பியில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதுவும் கருஞ்சிவப்புதான். பிராணவாயு குறைந்த இரத்தத்தின் இயல்பான நிறம் அது. உடம்பின் கழிவைப் பிரித்து அகற்றுவது ஈரலும் சிறுநீரகமும். முதுகுத் தோலில் கழிவு தனியே தேங்கிக் கிடப்பதில்லை.

2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி, நாட்டில் 18 வயதுக்கு மேற்பட்டோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர். ஆகவே பெக்காம் கட்டிலில் குப்புறப் படுக்கும் தமிழருக்கு இனிப்பு நீர் இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். அவருக்குக் கீறல் ஆற நாளாகும், சீழ் பிடிக்கும் அபாயம் கூடும். நரம்பு மரத்துப்போன இடத்தில் குவளை அளவுக்கு மீறி இழுத்தாலும், சூடு பட்டாலும் உடனே தெரியாது. இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை. இரத்தம் எடுக்கும் முன் வெறும் வயிற்றோடு வரச் சொல்லும் வழக்கம் பல இடங்களில் உண்டு. காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை விழுங்கியோ, சாப்பிடாமல் போய்ப் படுத்தால் சர்க்கரை அளவு அபாயகரமாக இறங்கி மயக்கம் வரலாம். அதை "நஞ்சு இறங்கும் மயக்கம்" என்று யாராவது விளக்கினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள், இரத்தச் சோகை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் பெக்காம் டாராவுக்குப் போகக்கூடாது. சிறுநீரகச் சுத்திகரிப்பு செய்துகொள்பவர்களுக்கு அங்கே ஹெப்பாரின் கொடுக்கப்படுவதால் இரத்தம் எளிதில் நிற்காது; அதற்கென இரத்தக் குழாய் இணைக்கப்பட்ட கையில் எந்தக் குவளையும் படக்கூடாது. கரும்பழுப்புத் தோல் உள்ளவர்களுக்குக் காயம் ஆறியபின் தடித்து வளரும் கிலாய்ட் தழும்பு அதிகம் வரும். காது குத்திய இடம் தடித்துப்போனவர்கள் தோளிலும் மார்பிலும் கீறவிடாமல் இருப்பது நல்லது.

சட்டம் 775

இந்த வைத்தியம் நாட்டில் சட்டத்துக்கு வெளியே இல்லை. பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டம் 2016 (சட்டம் 775) அவ்வாண்டு ஆகஸ்ட் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. மலாய், சீன, இந்தியப் பாரம்பரிய மருத்துவங்கள், ஹோமியோபதி, கைரோபிராக்டிக், ஆஸ்டியோபதி, இஸ்லாமிய மருத்துவம் ஆகிய ஏழு பிரிவுகள் அதன்கீழ் அங்கீகரிக்கப்பட்டுள்ளன. பெக்காம் மலாய் மருத்துவப் பிரிவில் வருகிறது. சித்தமும் ஆயுர்வேதமும் யுனானியும் இந்தியப் பிரிவில் அடங்கும். வைத்தியர்களின் பதிவு 2021 மார்ச்சில் தொடங்கியது. பதிவு பெற்றவருக்குச் சான்றிதழ் உண்டு. பாரம்பரிய, நிரப்பு மருத்துவ மன்றத்தின் பதிவேட்டிலும் பெயரைத் தேடிப் பார்க்கலாம்.

சுவரில் ஊராட்சி மன்றத்தின் வியாபார உரிமம் மாட்டியிருப்பதைப் பார்த்துப் பலர் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். அது கடை நடத்துவதற்கான அனுமதி, கத்தியால் கீறுவதற்கான தகுதி அல்ல. அதேபோல், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இருதய நோய், சிறுநீரக நோய், பக்கவாதம், புற்றுநோய் உட்பட 20 நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடை செய்கிறது. "இனிப்பு நீர் தீரும்" என்று அச்சடித்த துண்டுப் பிரசுரம் கையில் வந்தால், அதைக் கொடுத்தவர் எப்படிப்பட்டவர் என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.

அரசாங்கமும் பாரம்பரிய மருத்துவத்தை ஒதுக்கிவைக்கவில்லை. 2007ல் பினாங்கு கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் முதல் பிரிவு திறக்கப்பட்டது. பின்னர் புத்ராஜெயா உள்ளிட்ட பிற மருத்துவமனைகளிலும் இத்தகைய பிரிவுகள் வந்தன. போர்ட்டிக்சன் மருத்துவமனையில் வர்மச் சிகிச்சையும் வழங்கப்படுகிறது.

கட்டிலில் படுக்கும் முன்

கீறும் ஊசியோ கத்தியோ உறை பிரிக்காததாக, கண்ணெதிரே பிரிக்கப்பட வேண்டும். இரத்தம் பட்ட குவளையை இன்னொருவருக்கு வைக்கக்கூடாது. சோப்பில் கழுவி வெயிலில் காயவைப்பது கிருமி நீக்கம் ஆகாது. ஹெப்பாடைட்டிஸ் பி, சி கிருமிகள் கண்ணுக்குத் தெரியாத துளி இரத்தத்திலும் பரவும். வைத்தியர் புதுக் கையுறை போடுகிறாரா, கத்தியை மஞ்சள் நிறக் கூர்பொருள் பெட்டியில் போடுகிறாரா அல்லது சாதாரணக் குப்பைத் தொட்டியில் எறிகிறாரா என்பதைப் பார்த்தாலே அந்த இடத்தைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். எந்த நோய்க்கு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு கேள்விகூடக் கேட்காமல் சட்டையைக் கழற்றச் சொல்பவரிடம் படுக்காமல் திரும்பி வந்துவிடலாம். மெட்ஃபார்மினை நிறுத்துங்கள், கொதிப்பு மாத்திரை இனி வேண்டாம் என்று சொல்பவரிடமும் அப்படியே.

முதுகு வலியோடு காய்ச்சல் இருந்தால், கால் மரத்துப் பலமிழந்தால், சிறுநீரோ மலமோ கட்டுப்படாமல் போனால், அது குவளைக்குரிய வலி அல்ல. நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். நெஞ்சில் அழுத்தி இடது தோளுக்கு ஏறும் வலியும் அவ்வாறே. "காற்றுப் பிடித்திருக்கிறது" என்று அதற்குக் குவளை வைத்துக் காத்திருக்கும் ஒரு மணி நேரம், மாரடைப்பில் திரும்பக் கிடைக்காத நேரம்.

பெக்காம் டாரா முடிந்தபின் கீறிய இடத்தைச் சுத்தமான துணியால் மூடி, உலர்வாக வைத்திருக்க வேண்டும். சிவந்து சூடேறினாலோ சீழ் வைத்தாலோ கிளினிக்கில் காட்டி, குவளை வைத்ததை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இரத்த தானம் செய்யப் போகிறவர்கள் எந்தத் தேதியில் பெக்காம் டாரா செய்தார்கள் என்பதை முகாமில் சொல்ல வேண்டும். அன்று இரத்தம் எடுக்கலாமா, பிறகு வரச் சொல்லலாமா என்பதை அங்குள்ள ஊழியர்கள் முடிவு செய்வார்கள்.